ஆடிக்கு முன் ஒப்படைத்த சாவி

பழைய அடுக்குமாடிக் கட்டடங்களை வாங்கித் திருத்தி, அவற்றில் ஏற்கனவே குடியிருந்தவர்களையே குறைந்த வாடகைக்குத் திரும்பக் குடியமர்த்துகிற ஒரு சிறிய அமைப்பில் நான் வேலை செய்கிறேன். கோயிலில் யாராவது விசாரித்து இதைச் சொன்னால், "புண்ணியமான வேலை பிள்ளை" என்பார்கள். அந்தப் புண்ணியம் எந்த மாடியில் இருக்கிறது என்று நானும் பல வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அகப்பட்டதெல்லாம் ஈரச் சுவரும் எலிப் புழுக்கையும் மூன்று பிரதிகளில் நிரப்ப வேண்டிய படிவங்களும்தான். எனக்கு இயல்பிலேயே கோபம் கொஞ்சம் கூட. இந்த வேலை அதற்கு நல்ல தீனி போடுகிறது.

நான் சொல்லப்போகும் கட்டடம் கனடாவில், மொன்ட்ரியால் நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறது. மண்ணிறச் செங்கல், மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பல்கலைக்கழகத்தின் புதுக் கட்டடங்கள் எழும்பிய பிறகு இந்தப் பக்கத்துத் தெருக்களின் குணமே மாறிவிட்டது. மரக்கறிக் கடை இருந்த மூலையில் கோப்பிக் கடை வந்தது. அங்கே ஒரு கோப்பியைக் குடித்து முடிக்க எங்கள் ஆட்களுக்கு மனம் வராது, விலை அப்படி. அந்த நாளைய வீட்டுச் சொந்தக்காரரும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டார். திருத்த வேலை செய்யப் போகிறேன், வீட்டை விட்டு எழும்புங்கள் என்று கதவு கதவாகத் தட்டினார். எழும்பினவர்களின் கையில் காசும் வைத்தார். நான்கு குடும்பங்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டன.

ஒன்பதாம் இலக்க வீட்டு அக்கா போகவில்லை. மூன்றாம் மாடியில், பின்பக்கத்து வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த நாளிலிருந்து அதில்தான் இருந்தார். புருஷன் செத்ததும் அந்த வீட்டில், மகன் படித்து ரொறன்ரோவுக்குப் போனதும் அந்த வீட்டிலிருந்துதான். சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் மாத்திரைப் பெட்டி அடுக்குகிற வேலை, வீட்டு வாசலிலிருந்து பஸ் ஒன்று நேரே போகும். சொந்தக்காரர் வந்து காசு உறையை நீட்டியபோது என்ன சொன்னீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு பதினைஞ்சு சொல்லு பிள்ளை. அதிலை வேண்டாம் எண்டு சொல்லுற 'நோ மெர்சி' ரண்டு சொல்லு. அதுவே காணும்" என்றார்.

அத்தோடு நிற்கவில்லை. மிச்சமிருந்த ஏழு குடும்பங்களின் வீட்டுக்கும் ஏறி இறங்கி, ஒருவரும் கையெழுத்து வைக்கக்கூடாது என்று சொல்லி வைத்தார். வட்டாரசபைக் கூட்டத்தில் எதிர்ப்பு எழுதிய மட்டை பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் சொந்தக்காரர் அலுத்துப்போய்க் கட்டடத்தை எங்களுக்கு விற்றார். அக்கா இல்லாவிட்டாலும் எங்களுக்கு ஒரு கட்டடம் கிடைத்திருக்கும், ஆனால் திரும்பக் குடியமர்த்த அதில் ஆட்கள் இருந்திருக்கமாட்டார்கள்.

திட்டம் இதுதான். எட்டுக் குடும்பங்களையும் ஜூன் முடிவில் மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் எடுத்து வைத்திருந்த தற்காலிக வீடுகளுக்கு மாற்றுவது. ஒரு வருடத்தில் வேலையை முடிப்பது. பிறகு அவரவரை அவரவர் வீட்டுக்கே, பழைய வாடகையை ஒட்டின வாடகைக்குக் கூட்டி வருவது. எட்டு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். அக்காவின் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே, "அக்கா, நீங்கள் இந்த வீட்டுக்கேதான் திரும்பி வருவீங்கள்" என்று வாக்குக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. எங்களுக்குக் கட்டடப் பொறியாளராக இருந்தவர் சென்னைக்காரர், அமைதியான மனிதர். ஜூன் நடுவில் ஒரு நாள் நடைபாதைக் கூரையில் ஒரு துண்டைப் பெயர்த்துவிட்டு ஏணியில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இதைப் பாருங்க. அஸ்பெஸ்டாஸ். மூணு மாடியும் இதேதான் இருக்கும். இதுக்கு வேற டீம் வரணும், அவங்க ஜூலை கடைசியிலதான் கிடைப்பாங்க. ஆளுங்க மாறுறதையும் அதுக்குத் தள்ளிப் போட்டுடுங்க."

"ஜூலை கடைசியெண்டால் ஆடி" என்று என் வாயிலிருந்து வந்தது.

அவர் சிரித்தார். "எங்க ஊர்ல ஆடின்னா கடைக்குக் கடை தள்ளுபடி, கூட்டம் அள்ளும். வீடு மட்டும் மாற மாட்டாங்க" என்றபடி இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு நாள், நட்சத்திரம் பார்க்கிறதில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் என் புதுக் காரைச் செவ்வாய்க்கிழமை எடுக்காமல் புதன்கிழமை வரை காத்திருந்தவள்தான் நான். அதனால் அக்கா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. புதுத் திகதி போட்ட கடிதங்களைக் கதவுகளுக்குக் கீழே தள்ளிவிட்டு, அக்காவுக்கு மட்டும் தொலைபேசியில் சொன்னேன்.

"ஆடியிலை குடிபூர ஏலாது பிள்ளை."

"இது குடிபூரல் இல்லை அக்கா. தற்காலிகமாப் போய் இருக்கிறது."

"தற்காலிகமோ நிரந்தரமோ, அடுப்பு மூட்டினால் அது குடிபூரல்தான்" என்றார். பிறகு யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார்.

யோசித்துச் சொன்ன நாள் எனக்கு நல்ல ஞாபகம். கட்டடத்தின் நிலவறையில் கொதிகலனுக்குப் போகிற பழைய குழாய் ஒன்று வெடித்து, கணுக்கால் அளவு தண்ணீரில் நான் நின்றேன். குழாய் வேலைக்காரர் என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் கத்த, நானும் திருப்பிக் கத்திக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அக்காவின் அழைப்பு வந்தது.

"பிள்ளை, இல்-பிசாரிலை தங்கச்சி வீட்டு பேஸ்மென்ற் சும்மாதான் கிடக்கு. ஆடி பிறக்க முதல் அங்கை போகட்டோ? வேலை முடியப் பேந்து என்ரை வீட்டுக்கு வரலாம்தானே?"

"ஓம் அக்கா, ஓம், உங்கடை வசதிப்படி செய்யுங்கோ" என்றேன்.

அரை நிமிடம்கூட இருக்காது. அதற்குப் பிறகு குழாய்க்காரரோடு சண்டையைத் தொடர்ந்தேன். அந்தச் சண்டையில் நான்தான் வென்றேன்.

அக்கா ஆடி பிறக்க இரண்டு நாள் முன்பு வெளிக்கிட்டார். எங்கள் ஆட்கள் வீடு விடுகிற முறை உங்களுக்குத் தெரியும். மூலை முடுக்கெல்லாம் கழுவி, அடுப்பைத் தேய்த்து மினுக்கி, சாமிப் படத்தைக் கடைசியாக எடுத்துக்கொண்டு போவது. அக்கா இன்னும் ஒரு படி மேலே போனார். குடியிருக்காத வீட்டின் சாவியை மடியில் வைத்திருப்பது மரியாதை இல்லை என்று, அதைக் கட்டடப் பராமரிப்பாளரிடம் ஒப்படைத்தார். ஹெய்ட்டிக்காரரான அந்த மனிதர் அவருக்குப் பல வருடப் பழக்கம். சாவியோடு ஒரு பை நிறைய ரோல்ஸும் சுட்டுக் கொடுத்தாராம். அவரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, ஒழுங்கான மனிதராகையால், தன் கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்தார்: ஒன்பதாம் இலக்கம், சாவி திரும்பக் கிடைத்தது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. திரும்பி வரப்போகிறவர்களின் பட்டியலில் எட்டுக் குடும்பத்தையும் எழுதி, எங்களுக்குப் பணம் தருகிற அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு என் பாட்டில் இருந்தேன். இலையுதிர் காலத்தில் பட்டியல் திரும்பி வந்தது. ஏழுக்குச் சரி போட்டிருந்தார்கள். ஒன்பதாம் இலக்கத்துக்கு நேரே இரண்டு வரி. வேலை தொடங்கிய நாளில் வீடு காலியாக இருந்தது. வாடகைக்காரர் தானாகவே வெளியேறிச் சாவியை ஒப்படைத்துவிட்டார், ஆகவே வீடு பொதுக் காத்திருப்புப் பட்டியலுக்குப் போகிறது.

என் தலைக்கவசத்தைக் கழற்றிச் சுவரில் எறிந்தேன். புதிதாகப் பூசிய சுவர். அதை மறுபடி பூச வேண்டி வந்தது.

காசு உறையை நீட்டியபோது எழும்பாத மனுஷி, ஆடிக்கு எழும்பிப் போயிருக்கிறார். இதை யாரிடம் போய்ச் சொல்வது? எங்கள் இயக்குநரிடம் சொன்னேன். நல்ல பெண்மணி, கியூபெக்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவர். தமிழ் மாதம் ஒன்று ஜூலை நடுவில் பிறக்கிறது என்றும், அந்த மாதத்தில் நாங்கள் வீடு மாறுவதில்லை என்றும் பிரெஞ்சில் விளக்கினேன். அவர் குறிப்பு எழுதிக்கொண்டே கேட்டார்.

"அப்படியென்றால் இது மதக் காரணமா? மதத் தடை என்று உங்கள் கோயிலிலிருந்து ஒரு கடிதம் கிடைத்தால், விதிவிலக்குக் கேட்டுப் பார்க்கலாம்."

அந்தக் கணத்தில் நிலவறையில் நான் சொன்ன 'ஓம்' தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லாமல், கடிதம் கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பினேன். இன்றைக்கும் அது எனக்கு வெட்கம்தான்.

ஐயரிடம் போனேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டார் என்று சொல்வார்களே, அதை நேரில் பார்த்தேன். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ளை, ஆடியிலை புது வீட்டுக்குக் குடிபோறேல்லை. சரி. ஆனால் இருக்கிற வீட்டை விட்டு ஆடிக்கு முதல் வெளிக்கிட வேணும் எண்டு எந்தச் சாத்திரத்திலையும் இல்லையே. இது சனத்தின்ரை வழக்கம். வழக்கம் எண்டு வேணுமெண்டால் எழுதித் தாறன். தடை எண்டு எழுத ஏலாது."

"ஐயா, ஒரு சொல்லுத்தானே?"

"கோயில் கடிதத்திலை பொய் எழுதலாமோ?" என்றார். என் கோபத்துக்கு மருந்தாக ஒரு வாழைப்பழத்தையும் கையில் வைத்து அனுப்பினார்.

வழக்கம் என்று எழுதிய கடிதத்தையே அனுப்பினோம். பதில் வர ஒன்றரை மாதம் எடுத்தது. வழக்கம் மதக் கடமை ஆகாது என்று மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார்கள். அவர்களுடைய மரியாதையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

விஷயத்தை முகம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று, நகரின் மேற்கு ஓரத்திலிருக்கிற இல்-பிசாருக்குப் போனேன். பெரிய பெரிய தனி வீடுகள், ஆள் நடமாட்டமில்லாத தெரு. பஸ் எப்போதாவது ஒன்று வரும். அக்கா அங்கிருந்து சென்ட் லோரன்டுக்கு வேலைக்குப் போக விடியற்காலையில் வெளிக்கிட வேண்டும். பேஸ்மென்ற் சுத்தமாக இருந்தது, சின்னதாக ஒரு அடுப்பும் இருந்தது. அக்கா எனக்குப் பால் விடாத பிளேன்ரீ போட்டுத் தந்தார். அவருடைய தங்கச்சி படியில் இறங்கி வந்து என்னிடம் முறைப்பட்டார்.

"நீங்களாவது சொல்லுங்கோ. வந்து இத்தனை மாசம், இந்த அடுப்பிலை ஒருக்காப் பாலைக் காய்ச்சு எண்டு சொல்லுறன், கேக்கிறாவில்லை. பால் தேத்தண்ணி இல்லாமல் இருக்கமாட்டாத மனுசி, பிளேன்ரீயைக் குடிச்சுக்கொண்டு கிடக்கிறா."

அக்கா சிரித்தார். "பாலைக் காய்ச்சினால் இது வீடாயிடும். என்ரை வீடு அங்கையல்லோ கிடக்கு."

சொல்லத்தான் போனேன். சொல்லவில்லை. பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று அவர் கேட்ட கேள்விக்கு இளமஞ்சள் நல்லாயிருக்கும் என்று பதிலும் சொல்லிவிட்டு வந்தேன். காரில் வரும்போது என்னையே நல்ல தமிழில் திட்டிக்கொண்டேன்.

அடுத்த நாள் இயக்குநரின் அறைக்குப் போய், கதவைச் சாத்தி, நான்தான் அவரைப் போகச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எழுத்தில் இருக்கிறதா?"

"இல்லை. தொலைபேசியில் சொன்னது."

வாயால் சொன்ன சம்மதம் பணம் தருகிறவர்களிடம் செல்லாது என்றார். வாடகைத் தகராறுகளைக் கேட்கிற தீர்ப்பாயத்துக்கு அந்த அம்மா போனால் வழி பிறக்கலாம் என்றும், அப்படிப் போனால் எங்கள் அமைப்புத்தான் எதிர்த்தரப்பாக நிற்க வேண்டி வரும் என்றும் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. அன்று மாலையே அக்காவுக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ ஓமெண்டுதானே சொன்னனி, பிள்ளை?" என்று கேட்டார். குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. தன் காதில் பிழையோ என்று சரிபார்க்கிற மாதிரிக் கேட்டார்.

"ஓம் அக்கா. நான்தான் சொன்னனான். அதைத்தான் தீர்ப்பாயத்திலை வந்து நான் சொல்லப் போறன். நீங்கள் வழக்குப் போடுங்கோ. பேப்பர் எல்லாம் நான் நிரப்பித் தாறன்."

"நீ வேலை செய்யிற இடத்தோடை நான் வழக்குப் பேசுறதோ?"

"பேசுங்கோ. அது உங்கடை உரிமை."

"உன்ரை வேலை போயிடுமெல்லே?"

"போனால் போகட்டும் அக்கா. வேறை வேலை பாப்பன்."

"விசர்க் கதை கதையாதை" என்றார். "ரண்டு பிள்ளையளை வைச்சுக்கொண்டு வேலையை விடப் போறாவாம். நான் ஒருத்தரோடையும் வழக்குப் பேசப் போறேல்லை. நீ வை, எனக்கு நாளைக்கு விடிய வேலை."

அதற்குப் பிறகு குளிர்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை எடுத்து நச்சரித்தேன். கோபப்பட்டேன், கெஞ்சினேன், ஒருமுறை அழுதும் விட்டேன். மனுஷி மசியவே இல்லை. பழைய சொந்தக்காரரிடம் நின்ற அதே பிடிவாதம்தான். அன்றைக்கு அந்தப் பிடிவாதத்தை மேடை போட்டுப் புகழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது அதே பிடிவாதம் என்னைக் காப்பாற்றுவதற்காக என் தலையில் வந்து விழுந்தது. வழக்குப் போடுகிற காலமும் கடந்துபோனது.

கட்டடம் அடுத்த கோடையில் முடிந்தது. நன்றாகத்தான் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். சன்னல்கள் புதிது, சுவருக்குள் குளிர் புகாது, ஒரு குழாயும் கசியாது. ஒன்பதாம் இலக்கத்தின் வாசல் நிலையில் அக்கா வருடக் கணக்காக வைத்த மஞ்சளின் கறை பூச்சுக்கு மேலே மேலே வருகிறது என்று பெயின்ற் அடிப்பவர் சலித்துக்கொண்டார். கறை தடுக்கிற பூச்சு ஒன்று அடித்தால்தான் நிற்கும் என்றார். அதற்கான அனுமதித் தாளில் கையெழுத்து வைத்தது நான்தான்.

அந்த வீட்டுக்குப் பட்டியலிலிருந்து வந்தது ஒரு இளம் தாயும் இரண்டு குழந்தைகளும். பல வருடமாகக் காத்திருந்தவர்களாம். சாவியைக் கொடுத்தபோது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். அவளோடு எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்? கோபப்படக்கூட ஆள் கிடைக்காத கோபம் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும்.

ஆவணி பிறந்த முதல் வாரத்தில் அக்கா எடுத்தார்.

"பிள்ளை, மொன்ட்ரியால்-நோரிலை ஒரு வீடு பாத்திட்டன். ஞாயிற்றுக்கிழமை காலமை பால் காய்ச்சுறன். நீ கட்டாயம் வர வேணும்."

என்ன முகத்தோடு போவது என்று இரண்டு நாள் யோசித்தேன். போகாமல் இருக்கவும் முடியவில்லை. முதல் மாடி, தெருப்பக்கம், இரண்டு அறை. பழைய வாடகையைவிட எவ்வளவோ கூட. அதற்காகச் சனிக்கிழமையும் வேலைக்குப் போவதாக அவருடைய தங்கச்சி காதோடு காதாகச் சொன்னார். தளபாடம் இன்னும் வரவில்லை. நிலத்தில் ஒரு பாய், சுவரோடு சாமிப் படம், அடுப்பில் புதுப் பானை. பால் பொங்கி வழிந்தபோது அக்கா கும்பிட்டார். முதல் கோப்பையில் வார்த்து என்னிடம்தான் கொண்டு வந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்குவதற்காக ஏதாவது கேட்க வேண்டும் என்று கேட்டேன்.

"ஒப்பந்தம் எப்ப எழுதினனீங்கள் அக்கா?"

"இன்னும் எழுதேல்லை. வீட்டுக்காரரும் எங்கடை ஆள்தான். நல்ல நேரம் போயிடும், முதல்லை பாலைக் காய்ச்சுங்கோ, பேப்பர் பின்னேரம் பாப்பம் எண்டு வீட்டுத் திறப்பைக் கையிலை தந்தவர்."

மறுபடியும் நல்ல நேரம் முன்னுக்கு, பேப்பர் பின்னுக்கு. கத்தவேண்டும் போல இருந்தது. அக்கா அதற்குள் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய உறையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டார்.

"நீ வருவாயெண்டுதான் வைச்சிருக்கிறன். எனக்கு இதெல்லாம் விளங்காது. நீ சொன்னால் சரி. கையெழுத்து வைக்கட்டோ, பிள்ளை?"

வேறு யாரையும் கேட்கத் தோன்றவில்லை அந்த மனுஷிக்கு. என்னைத்தான் கேட்டார். பழக்க தோஷத்தில் 'ஓம்' என்று வாய் வரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன். கைப்பையில் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

"பால் ஆறுது பிள்ளை. குடிச்சிட்டுப் பாரன்."

"ஆறட்டும் அக்கா" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.